பின்வருவோர்க்கு ஒரு குறிப்பு

திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் பெயரை இரண்டு அதிகாரங்களுக்கு இட்டுள்ளார். ஒன்று பொருட்பாலிலே 71 ஆவது. மற்றொன்று காமத்துப்பாலிலே 110 ஆவது. அரசனது உள்ளக்கருத்தை அவன் முகத்தால் அறிவது முன்னது. காதலர் ஒருவர் உள்ளத்தை மற்றவர் கண்ணால் அறிவது பின்னது. தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, உள்ளத்தே தோன்றுவது உடம்பிலே புலப்படும் முறையை எட்டாகப் பகுத்து ஓதினார். வகுப்பறையில் இவற்றை விரிக்குங்கால் பின்வரிசை மாணவர் சிலர் கொட்டாவி விடுவதை யான் பலகாற் கண்டுள்ளேன். அவர்கள் பொருட்டு இப்போது வேறோர் எடுத்துக்காட்டினை எடுத்துக்கொள்கின்றேன். அது லொறியின் பின்புறத்துச் சிவப்பு விளக்கு.

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது என்னிடம் எதிர்பார்த்தது இலக்கியமாகவே இருக்கும். தமிழாசிரியனுக்கும் லொறிக்கும் என்ன தொடர்பு எனப் பழைய மாணவர்கள் நகைக்கவும் கூடும். தொடர்பு என் வலக்கை மணிக்கட்டில் இருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்துக் காலைப்பொழுதொன்றில், பண்டாரவளையிலிருந்து ஹாலி-எல நோக்கி மோட்டார்ச் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது, பனிமூட்டம் விடவில்லை. முன்னே உரமூடைகள் ஏற்றிய லொறியொன்று சென்றது. அதன் பின்விளக்குகள் இரண்டும் மங்கலாய்ச் சிவந்து தெரிந்தன. வீதியின் ஓரம் புலப்படாத அவ்வேளையில் அவ்விரு செம்புள்ளிகளே எனக்கு வழிகாட்டி. அவற்றைப் பற்றிக்கொண்டே சென்றேன் எனலாம். ஒரு வளைவை அணுகுகையில் அப்புள்ளிகள் திடீரெனப் பருத்தன. ஒளி கூடவில்லை; உருவம் பருத்தது. அடுத்த கணம் லொறியின் பின்பலகையில் மோதி வீதியிற் கிடந்தேன்.

சாரதி ஓடிவந்தார். என்னிலும் மூத்தவர், தோட்டப்பகுதிக்காரர். என்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டே அவர் கூறிய சொற்கள் இவை: "சேர், நான் பிரேக்குல காலே வைக்கலீங்க. வளைவுக்குக் கியரத்தான் கொறச்சேன்." யான் நம்பவில்லை. "அண்ணே, விளக்கு எரியவேயில்லையே" என்று சினந்தேன். அவர் கிளீனர்ப் பையனை அழைத்துப் பிரேக் மிதியை மிதிக்கச் சொன்னார். இரண்டு விளக்குகளும் பளிச்சென எரிந்தன. விளக்கிற் பழுதில்லை. சாரதியும் பிழை செய்திலர். மலையிறக்கத்திலே எப்படி ஓட்டவேண்டுமோ அப்படியே ஓட்டினார். நெருங்கிச் சென்ற குற்றம் என்னுடையது, அதனை மறைக்கவில்லை. ஆயினும், ஆறு வாரம் கரும்பலகையில் மாணவரைக் கொண்டு எழுதுவித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்த காலத்தில் ஒரு வினா என்னை விட்டகலவில்லை. பழுதில்லாத விளக்கு, பிழையில்லாத சாரதி, வேகம் குறைந்த வண்டி; இவை மூன்றும் ஒருங்கே இருந்தும் பின்வந்தவனுக்குச் செய்தி ஏன் எட்டவில்லை?

விடை மிக எளியது. எளிமையினாலேயே அது நம் கண்ணிற் படுவதில்லை. பிரேக் விளக்கு வண்டியின் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதன்று. அது சாரதியின் பாதத்தைப் பற்றியே சொல்கின்றது. மிதியின் அருகே ஒரு சிறிய ஆளி உண்டு. கால் மிதியை அழுத்தினால் ஆளி மூடி விளக்கு எரியும். காற்றழுத்தப் பிரேக் உடைய பெரிய லொறிகளில் அவ்வாளி காற்றுக் குழாயில் இருக்கும். மிதித்ததும் காற்று வந்து அதனை மூடும். எவ்வாறாயினும் தொடக்கம் பாதமே. பாதம் மிதிக்க, வண்டி வேகம் குறையும் என்பது சமவெளி வழக்கம். அங்கே பாதத்தின் செய்தியும் வண்டியின் செய்தியும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு தோன்றுவதில்லை. மலைநாட்டிலோ பாதம் வாளாவிருக்க வண்டி தளர்வதே நல்லோட்டம்.

ஏன் அது நல்லோட்டம் என்பதை மாணவர் அறிதல் வேண்டும். எல்ல என்னும் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வெல்லவாயவை அடையும்போது வீதி ஏறத்தாழ 800 மீற்றர் இறங்கிவிடுகின்றது. பத்துத் தொன் நிறையுள்ள லொறியொன்று அவ்வுயரத்தை இழக்கும்போது, அது விடவேண்டிய சக்தி ஏறக்குறைய 78 மில்லியன் யூல். இக்கணக்கை நம் பௌதிகவியல் ஆசிரியர் சரிபார்த்துத் தந்தார். இருநூறு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் சில்லுகளின் உருளலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியது முழுவதையும் பிரேக்கே தாங்குமாயின் டிரம்கள் பழுக்கக் காய்ந்து, விரிந்து, உராயும் பட்டைகள் பிடிப்பை இழக்கும். மிதி இருக்கும், மிதித்தாற் பயன் இராது. 2025 செப்டம்பர் 4 ஆம் நாளிரவு அவ்வீதியிலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்ட செய்தியைக் கேட்ட பின்னர், அந்த இறக்கத்தின் இயல்பை நம் மாவட்டத்தார்க்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலினாலேதான் பழைய சாரதிகள், ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழக்குவர். எஞ்சினே வண்டியைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். இதற்குத் துணையாக எக்ஸோஸ்ட் பிரேக் என்னும் பொறியும் இன்று பெரும்பாலான லொறிகளில் உண்டு. புகைக்குழாயை ஒரு தகட்டினால் அடைத்து, எஞ்சினைத் தன் மூச்சுக்கே எதிராக உழைக்கச் செய்வது அது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் லொறிகள் வளைவிற்கு முன் 'புஸ்' என்று முனகும் ஒலியைக் கேளாதார் நம்முள் இலர்.

இத்தகைய துணைத் தடைகளுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்க நாட்டிலே டீசல் எஞ்சின் செய்வதிற் பேர்பெற்ற கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் 1931 இல் கலிபோர்னியாவின் கேஜோன் கணவாய் வழியே லொறியில் இறங்கினார். பிரேக்குகள் காய்ந்து செயலிழந்தன. அடிவாரத்திலே புகையிரதக் கடவை. அதிலே ஒரு புகையிரதம் சென்றுகொண்டிருந்தது. லொறி அதன் கடைசிப் பெட்டியை மயிரிழையில் தப்பியது. அந்த அச்சம் அவர் நெஞ்சிலே பல்லாண்டு கிடந்து, முதுமையில் ஒரு புதுப்பொறியாய் வெளிப்பட்டது. எஞ்சின் அமுக்கிய காற்றை வேலை செய்யவிடாது வெளியேற்றி, எஞ்சினையே தடையாக்கும் அப்பொறியை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961 இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த பொறி அது. ஆயினும், அதுவும் நம் எக்ஸோஸ்ட் பிரேக்கும் பாதத்தை விலக்கி வேகத்தைக் குறைக்கும் பொறிகளே. பாதம் விலகவே அதனோடு பிணைத்த விளக்கும் ஊமையாயிற்று. முன்னால் இருப்பவரைக் காத்த அறிவு, பின்னால் வருபவரை மறந்துவிட்டது.

இனி, அந்த ஊமை விளக்கினால் விளையும் தீங்கு எவ்வளவு என்பதை அளந்து பார்ப்போம். என் கதையையே எடுத்துக்கொள்க. இருவரும் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றோம். இடைவெளி 10 மீற்றர். லொறி கியரை இறக்குகின்றது. அதன் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.7 மீற்றர் எனக் கொள்வோம். இது மென்மையான தளர்ச்சி. லொறியின் உள்ளே இருப்பவர் தேநீர்க் கோப்பையைக்கூடச் சிந்தமாட்டார். முதற் செக்கனில் இடைவெளி 35 சென்ரிமீற்றரே குறைகின்றது. இரண்டாம் செக்கன் முடிவில் 1.4 மீற்றர், மூன்றாவதில் 3 மீற்றரும் சிறிதும். இதுவரை மனிதக் கண்ணுக்கு, அதிலும் பனிமூட்டத்திலே இரு புள்ளிகளை மட்டும் காணும் கண்ணுக்கு, வேறுபாடு புலனாவது அரிது. நாலாவது செக்கனிலே புள்ளிகள் பருப்பது தெரிகின்றது. திகைத்துக் காலும் கையும் பிரேக்கை அடைய ஒன்றரைச் செக்கன். ஆனால் 5.3 செக்கனில் இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடுகின்றது. மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 13 கிலோமீற்றர். ஒரு மணிக்கட்டுக்கு அது போதுமானது.

இப்போது லொறி தளரத் தொடங்கிய அக்கணமே விளக்கு எரிந்திருப்பின் என்னாகும்? அதே ஒன்றரைச் செக்கன் கழித்து மெல்லப் பிரேக் பிடித்திருப்பினும், இடைவெளியில் ஏறக்குறைய 9 மீற்றர் எஞ்சியிருக்கும். மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மென்மையான தளர்ச்சியே கொடியது என்பது இக்கணக்கில் யான் கற்ற பாடம். கடுமையாகப் பிரேக் பிடிக்கும் வண்டி விளக்காலும் கிறீச்சொலியாலும் மூக்குக் குத்தும் சாய்வாலும் தன்னை அறிவித்துவிடும். மெல்லத் தளரும் வண்டியே ஒன்றும் சொல்லாது வந்து முகத்தில் அறைகின்றது.

பிரேக் விளக்கு எரிந்தாலும் அது தெரியுமா என்பது பிறிதொரு வினா. பின்விளக்கும் சிவப்பு, பிரேக் விளக்கும் சிவப்பு. பெரும்பாலான பழைய வண்டிகளில் இரண்டும் ஒரே மின்குமிழுக்குள் இரண்டு இழைகளாக உள்ளன. ஒன்று 5 வாற்று, மற்றொன்று 21 வாற்று. மங்கல், பிரகாசம் என்னும் வேறுபாடு ஒன்றே இரண்டையும் பிரிக்கும் இலக்கணம். தோட்டத்து மண்வீதியிற் சென்றுவந்த லொறியின் விளக்குக் கண்ணாடியிலே ஒரு விரற்கடைச் சேறு அப்பியிருந்தால், பிரகாசமான இழையும் மங்கலாகவே தெரியும். எழுத்து ஒன்றே, ஒலி மாத்திரம் குறிலா நெடிலா எனக் காதாற் கண்டுபிடி என்று ஒருவனை இரைச்சலிலே நிறுத்துவது போன்றது இது. பழைய இழைக்குமிழ் முழு ஒளி பெறுவதற்கே ஏறக்குறைய 0.2 செக்கன் செல்லும், இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கு உடனே ஒளிரும். மணிக்கு 60 கிலோமீற்றரில் 0.2 செக்கன் என்பது 3 மீற்றருக்கு மேற்பட்ட தூரம். குமிழை மாற்றும் செலவோ சிறிது.

விளக்கின் மொழியைத் திருத்த அறிஞர் முயலாமல் இருந்திலர். 1974 இல் வெளிவந்த ஓர் ஆய்வை ஈண்டுச் சொல்லவேண்டும். ஜோன் வொவோட்ஸ்கி என்னும் உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ நகரத்து 343 வாடகைக் கார்களின் பின்புற நடுவில் மேலதிகமாக ஒரு விளக்கைப் பொருத்தினார். அவ்விளக்குள்ள கார்களில் பின்மோதல் விபத்துகள் 60.6 வீதம் குறைந்தன. இச்செய்தி பரவி, 1986 ஆம் ஆண்டு மாதிரிகள் தொடக்கம் அமெரிக்கக் கார்கள் யாவும் நடுவில் மூன்றாவது பிரேக் விளக்குடன் வரவேண்டும் எனச் சட்டமாயிற்று. புதுமை தீர்ந்த பின் அந்த நாட்டு அரசு மறுபடி அளந்தபோது, நிலைத்த பயன் 4.3 வீதமே எனக் கண்டனர். இவ்வளவு சுருங்கியது ஏன் என்பதற்குப் பலர் சொல்லும் காரணம், யாவரிடமும் உள்ளது எவர் கண்ணையும் ஈர்க்காது என்பது. அது மெய்யே. எனினும் எனக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. வொவோட்ஸ்கியின் விளக்கு வெறும் மூன்றாவது விளக்கன்று. வண்டியின் தளர்ச்சி கூடக்கூட அது விரைந்து துடிக்கும். தளர்ச்சி குறைந்தால் துடிப்பும் மெலியும். அஃதாவது, அது பாதத்தைப் பற்றிப் பேசாமல் வண்டியைப் பற்றிப் பேசிற்று. சட்டமாக்கினோர் விளக்கை எடுத்துக்கொண்டு அதன் மொழியை விட்டுவிட்டனர். எடுத்ததும் மீண்டும் மிதியிலேயே கட்டிய ஒன்று. கனமான லொறிகளுக்கு அச்சட்டம் பொருந்தவும் இல்லை.

லொறிக்காரரே தம் முயற்சியிற் செய்த சோதனை ஒன்றும் உண்டு. ஒக்லஹோமா மாநிலத்தில் எரிபொருட் பவுசர்கள் ஓட்டும் குரோயென்டைக் என்னும் நிறுவனம், பவுசர்களின் பின்னே மஞ்சள் நிறத்துத் துடிக்கும் விளக்கைப் பொருத்திப் பார்த்தது. பிரேக் பிடிக்கும்போது சிவப்பு நிலையாய் எரிய, மஞ்சள் துடிக்கும். அந்த நாட்டு விதிப்படி அது குற்றம். குற்றமென அறிந்தே பொருத்தினர் என்பதுதான் வியப்பு. தம் பின்மோதல் விபத்துகள் 33.7 வீதம் குறைந்தன எனக் கணக்குக் காட்டினர். 2019 இல் அரசு அவர்களுக்கு விதிவிலக்கு அளித்தது. ஒரு நிறுவனத்தார் தாமே எடுத்த கணக்கு என்பதனால் அதனைச் சிறிது தள்ளியே கொள்ளவேண்டும். ஆயினும் பவுசரின் பின்னே மோதுவது எத்தகையது என எண்ணினால், அவர்களது துணிவைக் குறைகூற மனம் வரவில்லை.

உலகப் பொதுவிதிகளும் மெல்ல இப்பக்கம் திரும்புகின்றன. ஐக்கிய நாடுகளின் 13 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, மின்னணு முறையாற் பிரேக்கை ஆளும் கனரக வண்டிகளிலே துணைத் தடைகளால் விளையும் அமர்முடுகல் 1 மீற்றரைக் கடந்தால் பிரேக் விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்கின்றது. அதற்கு உட்பட்டால் எரியலாம், கட்டாயமில்லை. ஏனைய வண்டிகளுக்கு 'எரியலாம்' என்னும் இசைவு மட்டுமே. முடுக்கியிலிருந்து காலை எடுத்தவுடன் தாமே தளரும் மின்சார வண்டிகளுக்கு 1.3 மீற்றரைக் கடந்தாற் கட்டாயம், 0.7 அல்லது அதற்குக் கீழாயின் எரிதலே கூடாது. 48 ஆம் இலக்க விதியோ, மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் செல்லும் வண்டி கடுமையாகப் பிரேக் பிடித்தால் விளக்குகள் விரைந்து துடிக்கலாம் என்கின்றது. பெரிய வண்டிகளுக்கு அதன் எல்லை 4 மீற்றர், கார்களுக்கு 6. நல்ல விதிகளே. ஆனால் இவை நெடுஞ்சாலைக்காரர் எழுதிய விதிகள். மணிக்கு 30 கிலோமீற்றரில் 0.7 மீற்றர் வீதம் தளரும் நம் உர லொறி இந்த எல்லைகள் எவற்றையும் தொடாமலே கடந்துபோகும். என் மணிக்கட்டு எந்த விதியையும் மீறாமலே முறிந்தது.

அப்படியாயின், வேகத்தின் தளர்ச்சியை உணரும் ஒரு சிறு கருவியை லொறியிற் பொருத்திவிடலாமே எனக் கூர்ந்த மாணவன் கேட்பான். கைத்தொலைபேசியின் உள்ளேயே அத்தகைய கருவி இருக்கின்றது, விலையும் மலிவு. இங்கேதான் மலைநாடு ஒரு புதிர் போடுகின்றது. பதுளைப் பஸ்களின் முன்கண்ணாடி அருகே சுவாமிப் படத்துக்கு இட்ட மாலையோ, கயிற்றில் தொங்கும் பொம்மையோ இருப்பதைக் கண்டிருப்பீர்கள். சாரதி பிரேக் பிடித்தால் அது முன்னோக்கிச் சாயும். பிரேக் பிடியாமல் ஒரே வேகத்தில் இறக்கத்தில் இறங்கினாலும் அது முன்னோக்கியே சாயும். மாலைக்கு இரண்டும் ஒன்றே. அந்தச் சிறு கருவியும் மாலையைப் போன்றதே. பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் வண்டி சீரான வேகத்தில் இறங்கும்போதே, செக்கனுக்குச் செக்கன் ஏறக்குறைய 1 மீற்றர் அமர்முடுகல் உண்டெனக் கருவி பிழையாக எண்ணிக்கொள்ளும். எல்லவிலிருந்து வெல்லவாய வரை விளக்கு அணையாது. எப்போதும் எரியும் விளக்கு எதையும் சொல்லாத விளக்கு. ஏற்றத்திலோ இதற்கு எதிர்மாறு. உண்மையாகவே தளர்ந்தாலும் கருவி வாய்திறவாது.

எக்ஸோஸ்ட் பிரேக்கின் ஆளியையே நேராகப் பிரேக் விளக்கோடு இணைத்துவிடலாம் என்பாரும் உளர். மின்வேலை அறிந்த ஒருவர்க்கு அது சிறு வேலை. ஆனால் அதற்கும் அதே குறை. சாரதிகள் பலர் இறக்கம் முழுவதும் அந்த ஆளியைப் போட்டபடியே இறங்குவர். ஆகவே கேட்கவேண்டியது சாய்வையும் அன்று, ஆளியையும் அன்று, சில்லையே கேட்கவேண்டும். சென்ற செக்கனிலும் இந்தச் செக்கனிலும் சில்லு எத்தனை முறை சுழன்றது என ஒப்பிட்டால், மேடோ பள்ளமோ, தளர்ச்சி ஐயமறத் தெரியும். சில்லு சிக்காமற் காக்கும் ஏ.பி.எஸ். பொறியுள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றது. அதனைப் பின்விளக்குக்குக் கடத்துவதே எஞ்சிய வேலை. எல்லையும் மலைவீதிக்கு ஏற்றவாறு, 0.7 க்கும் கீழே, 0.5 அளவிலே வைத்தல் நன்றென்பது என் கருத்து. பொறியியல் கற்ற பழைய மாணவர் எவரேனும் இதனைத் தவறெனக் காட்டுவாராயின் மகிழ்வேன். செய்து காட்டுவாராயின் இன்னும் மகிழ்வேன்.

ஏற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். நிறைபாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் ஏறும் லொறி, கியர் மாற்றும் அந்த ஒரு கணத்தில் ஏறக்குறைய நின்றே விடுகின்றது. அங்கே எந்தத் தடையும் இல்லை, புவியீர்ப்பே தடை. விளக்கு எரிவதற்கு நியாயமே இல்லை என்று அதனை அமைத்தவன் சொல்வான். பின்னால் நெருங்கிவரும் முச்சக்கரவண்டிக்கோ அந்த நியாயம் தெரியாது.

முற்காலத்தில் இச்செய்தியைச் சொல்ல மனிதர் இருந்தனர். மாட்டுவண்டியின் அடியில் கட்டிய லாந்தர் 'யான் இங்கிருக்கின்றேன்' என்று மட்டும் சொல்லிற்று. புகையிரதம் 1924 இல் பதுளைக்கு வந்தபோது, வண்டித்தொடரின் பின்புறத்தைக் காக்கவென்றே கார்ட் ஒருவர் கொடியோடும் விளக்கோடும் உடன்வந்தார். லொறிகளிற் சாரதி வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை நிலத்தை நோக்க, மெல்ல மேலும் கீழும் அசைப்பார். 'தளர்கின்றேன்' என்பது அதன் பொருள். சாரதிப் பயிற்சியில் இன்றும் இதனைக் கற்பிக்கின்றனர். கற்றவர் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர் என்று குறைகூறுவது எளிது. வளைவிலே இரு கைகளும் சுக்கானில் இருக்கவேண்டும். மழையில் கண்ணாடி ஏற்றியிருக்கும். உயர்ந்த பாரத்தின் பின்னால் வருபவனுக்கு அந்தக் கை தெரியவும் மாட்டாது. கையசைப்பை விளக்கு வென்றது நியாயமே. ஆயினும், இழந்தது ஒன்றுண்டு. கை, சாரதி நினைத்தவுடன் பேசியது. பிரேக் பிடிக்கும்வரை அது காத்திருந்ததில்லை.

அந்தப் பண்பை விளக்குக்கு மீட்டுத்தர இன்றே ஒரு வழி உண்டு. காசு செலவில்லை. கியரை இறக்குவதற்கு முன், அல்லது எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போடுவதற்கு முன், பிரேக் மிதியை ஓரிரு முறை மெல்லத் தொட்டு விடுவதே அது. பிரேக் பிடிக்கவேண்டுவதில்லை, ஆளி மூடும் அளவு போதும். காற்றுப் பிரேக் வண்டிகளில் இதனை ஓயாது செய்து காற்றை வீணாக்குதல் ஆகாது. வளைவுக்கு முன் ஒருமுறை, பின்னால் ஒளி தெரிந்தால் மட்டும், என்பது போதுமான அளவு. நம் பழைய மாணவருள் லொறி உரிமையாளர் உளர். வாகனத் திருத்தகம் நடத்துவோர் உளர். தோட்ட அலுவலர் பலர் உளர். அவர்கள் தத்தம் சாரதிகளுக்கு இதனைச் சொல்வார்களாயின் இக்கட்டுரை அச்சேறிய பயன் கிட்டும்.

விளக்கைத் துடைப்பதும் அவ்வாறே. தன் முதுகைத் தான் காணாதது போலச் சாரதி தன் பின்விளக்கை ஒருபோதும் காண்பதில்லை. இருட்டியபின் லொறியின் பின்புறத்தைச் சுவரோரமாக நிறுத்தி மிதியை மிதித்தால், சுவரிலே விழும் சிவப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் விழுகின்றதா, மிதித்ததும் கூடுகின்றதா எனப் பார்க்க அரை நிமிடம் போதும்.

தோட்டங்களிற் கொழுந்தும் ஆட்களும் ஏற்றிச்செல்லும் உழவு இயந்திரங்களைப் பற்றி எழுதினால் கட்டுரை நீளும். அவற்றின் பின்னால் இழுபடும் பெட்டிகள் பலவற்றிலே விளக்கே இல்லை. அவற்றின் மேல் அமர்ந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளை யான் நாள்தோறும் காண்கின்றேன். குறிப்பு மங்கலா பிரகாசமா என்னும் ஆராய்ச்சி அங்கே இன்னும் தொடங்கவேயில்லை. குறைந்தபட்சம் ஒளியைத் திருப்பியனுப்பும் சிவப்புத் தகடு இரண்டு ஆணியடிப்பதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

பின்செல்வோர் செய்யவேண்டியது யாது? விளக்கு ஒன்றையே நம்பாதிருத்தல். எஞ்சினின் சுருதி மாறுவதைச் செவி கேட்கும்; பாரம் ஒருபுறம் சாய்வதைக் கண் காணும்; வளைவு வருவதை வீதி காட்டும். இவையெல்லாம் லொறியின் மெய்ப்பாடுகள். மழையிலும் பனியிலும் இடைவெளியை இரட்டிக்கவேண்டும் என்பதை இப்போது மோட்டார்ச் சைக்கிளில் வரும் மேல்வகுப்பு மாணவர்களிடம் வாரந்தோறும் சொல்கின்றேன். முன்செல்லும் வண்டியின் பின்விளக்கைப் பற்றிக்கொண்டு செல்லாதே; அது வழிகாட்டியன்று என்றும் சொல்கின்றேன். அதனைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

அந்த லொறிச் சாரதியை இன்றும் இடையிடையே வீதியிற் சந்திப்பதுண்டு. விபத்தன்று வைத்தியசாலைக்கு என்னை ஏற்றிச்சென்றவரும் அவரே, வழியெல்லாம், "பின்னால வர்றவங்களுக்கு எப்பிடிங்க சேர் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சென்ற மாதம் தெமோதரைக்கு அப்பால் அவர் வண்டியின் பின்னே செல்ல நேர்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் சிறிது முன்பே, வேகம் குறைவதற்கு முன்னமே, இரண்டு செவ்விளக்குகளும் இருமுறை ஒளிர்ந்து அடங்கின. பின்னே வருபவன் யானென்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.